"எங்க வேணாலும் போடுங்கண்ணே" என்று இனி எழுதாதீர்கள்

 

ஆடித் திருவிழாவுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. தொண்டூழியர்கள் பெயர் கொடுக்கலாம் என்று வாட்சாப் குழுவில் போட்டதும் வழக்கம்போல பதில் வர ஆரம்பிச்சிருச்சு. பாதிப் பேருக்கு மேல் ஒரே பதில்தான். "எங்க வேணாலும் போடுங்கண்ணே, அம்மா வேலைதானே."

முன்பெல்லாம் இதைப் படித்தால் எங்களுக்கு மனசு நிறையும். இப்போது கொஞ்சம் பயமா இருக்கு. ஏன் என்று இந்தப் பதிவில் சொல்கிறோம். நீளமான பதிவுதான். பெயர் கொடுக்கிறதுக்கு முன்னால் பொறுமையா ஒரு தடவை படிச்சிருங்க.

போன வருஷம் தீமிதி அன்று நடந்தது பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். பூக்குழி முடிகிற இடத்தில், பால்குழிக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துவோம். இறங்கி வருகிறவர் தடுமாறினால் இரண்டு பக்கமும் அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி வெளியே கொண்டு வரணும். அதுதான் அவர்கள் வேலை. அந்த இடத்தில் ஒரு தம்பியை நிறுத்தினோம். இருபது வயசு தாண்டியவர், நல்ல உயரம், நல்ல உடம்பு. அவரும் "எங்க வேணாலும்" என்றுதான் எழுதியிருந்தார். ஆளைப் பார்த்ததும் இவர் பூக்குழிக்குத்தான் சரி என்று நாங்களே முடிவு பண்ணிட்டோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நடுவில் ஒரு பக்தர் கால் இடறி முட்டி போட்டு விழுந்துட்டார். எதிர்ப்பக்கம் நின்ற அண்ணன் பாய்ந்து போய்ப் பிடித்தார். இந்தத் தம்பியால் அசையவே முடியவில்லை. கண் மட்டும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கு, கை கால் விறைத்துப் போச்சு. ஒற்றை ஆளாகத் தூக்கியதில் இரண்டு மூணு விநாடி கூடுதலாகிப் போனது. விழுந்தவருக்கு உள்ளங்கையிலும் முழங்காலிலும் தீக்காயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் கட்டுப் போட்டோம். அம்மன் கருணை, நல்லபடியா ஆறிடுச்சு. அவர் யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை.

குறை சொன்னது நாம்தான். அன்று ராத்திரி அண்டா கழுவுற இடத்திலேயே பேச்சு ஆரம்பம். "ஆள்தான் வளர்ந்திருக்கான்", "தைரியம் இல்லாதவன் எதுக்கு முன்னால வந்து நிக்கணும்" என்று ஆளுக்கு ஒன்று. ஒருவர் குழுவில் கேலிப் படம்கூடப் போட்டார். சிரிப்புப் படம் வைத்துப் பதில் போட்டவர்கள் இருபது பேருக்கு மேல். அந்தப் படத்தை நாங்கள் எடுத்தது மறுநாள் மத்தியானம்தான். அதற்குள் பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தத் தம்பி கோயிலுக்கு வரவில்லை. அவருடைய அம்மா மட்டும் வருவார். விளக்கு ஏற்றி வைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் போய்விடுவார்.

மூணு மாசம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. சின்ன வயசில் வீட்டில் அடுப்பு தீப்பிடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். அன்றிலிருந்து பெரிய நெருப்பைக் கண்டால் அவருக்கு உடம்பு அப்படியே நின்றுவிடும். "ஏன் தம்பி, முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் இதுதான். "சாமி வேலைய முடியாதுன்னு எப்படிண்ணே சொல்றது?"

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். எங்கள் கருத்தை நேராகவே சொல்லிடுறோம். என்னால் இது முடியும், இது முடியாது என்று முன்கூட்டியே சொல்வதும் தொண்டுதான். சொல்லாமல் மறைப்பது பணிவு கிடையாது. அந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் தலையில் போடுவது. நாங்களும் ஊகம் பண்ணித்தான் போடுவோம். ஊகம் தப்பினால் அடிபடுவது இன்னொருவர்.

எங்கள் குழுவில் பாதிப் பேர் பேக்டரியில் வேலை செய்கிறவர்கள். புதுசா ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் நேரா மெஷினில் கொண்டு போய் நிறுத்துவோமா? உயரத்தில் ஏறுவீங்களா, தலைசுற்றல் இருக்கா, இரவு வேலை ஒத்துக்குமா என்று கேட்போம். பழைய ஆள் பக்கத்தில் நின்று பழக்கிய பிறகுதான் தனியா விடுவோம். சம்பளத்துக்குச் செய்கிற வேலைக்கே இவ்வளவு கேள்வி. நெருப்பும் கொதிக்கிற எண்ணெயும் ஆயிரம் பேர் கூட்டமும் இருக்கிற கோயில் வேலைக்கு நாம் ஒரு கேள்வியும் கேட்பது இல்லை. "அம்மா பார்த்துக்குவா" என்று விட்டுவிடுகிறோம். அம்மா பார்த்துக்குவாதான். நமக்குக் கண்ணும் வாயும் அவள்தானே கொடுத்திருக்கா?

முன்பு இப்படிக் கேட்கத் தேவை இருக்கவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். செபராங் பிறைப் பக்கம் நம் கோயில் மாதிரி எத்தனையோ கோயில்கள் தோட்டத்தில் ஆரம்பித்தவை. பால்மரம் வெட்டியவர்கள் கூரைக் கொட்டகையில் அம்மனை வைத்துக் கும்பிட்டார்கள். எல்லாரும் ஒரே லயத்தில் குடியிருந்தவர்கள். யாருக்கு இடுப்பு வலி, யாருக்குக் கோபம் அதிகம், யார் கையில் காசு கொடுக்கலாம், யார் பெரிய சட்டிக்கு உப்பு போட்டால் சரியா இருக்கும் என்று ஊருக்கே தெரியும். படிவம் எதற்கு?

இன்றைக்குத் தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்தாச்சு. தாமானிலிருந்து வருகிறார்கள், அடுக்குமாடியிலிருந்து வருகிறார்கள், பாலம் தாண்டித் தீவிலிருந்தும் வருகிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது வாட்சாப்பில் ஒரு பெயரும், முருகர் படம் போட்ட ஒரு வட்டமும்தான். அந்த வட்டத்தைப் பார்த்து உங்கள் முழங்கால் வலி எங்களுக்குத் தெரியாது.

ஆளுக்கு ஏற்ற தொண்டு என்பது நாங்கள் புதுசா கண்டுபிடித்தது இல்லை. பெரியபுராணத்தில் கணநாத நாயனார் வரலாற்றைச் சேக்கிழார் சொல்கிறார். சீர்காழியில் இருந்தவர். கோயில் தொண்டு செய்ய ஆசைப்பட்டு வருகிறவர்களை அவர் நந்தவனம் பார்க்க, பூப் பறிக்க, மாலை கட்ட, திருமஞ்சன நீர் எடுக்க, அலகிட்டு மெழுக, விளக்கேற்ற, திருமுறை எழுத, வாசிக்க என்று பல பணிகளில் ஆக்கினார். வந்தவருக்கு ஏற்ற தொண்டில் அவரைப் பழக்கி, அதற்கு வேண்டிய குறை எல்லாம் தீர்த்துக் கொடுத்தார். மற்றவர்களைத் தொண்டர்களாக ஆக்கியதுதான் அவருடைய தொண்டு. அதற்காகவே அவர் 63 பேரில் ஒருவர். தொண்டூழியர்களுக்குப் பொறுப்பாக இருக்கிற நாங்கள் தினமும் அவரைக் கும்பிடணும். நாங்கள் செய்யத் தவறியது அவர் செய்ததைத்தான்.

தண்டியடிகளையும் நினைத்துப் பாருங்கள். பிறவியிலேயே கண் தெரியாதவர். திருவாரூர்க் குளத்தைத் தோண்டி அகலப்படுத்த ஆசைப்பட்டார். கண் தெரியாது என்பதை மறைக்கவில்லை. குளத்துக்குள் ஒரு கழி, கரையில் ஒரு கழி நட்டு, நடுவில் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். தன்னால் முடியாதது என்ன என்று தெரிந்ததால்தானே கயிறு கட்டினார்?

சரி, நம்ம கோயிலுக்கு வருவோம். ஒவ்வொரு வேலையும் வெளியில் பார்க்கிற மாதிரி இருக்காது. அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிடுறோம்.

மடப்பள்ளி: சமைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. வீட்டில் ஆறு பேருக்குச் சமைப்பது வேற, இது வேற. காய்கறி முதல் நாள் ராத்திரியே நறுக்கணும். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்றணும். கொதிக்கிற அண்டாவை இரண்டு பேர் ஒரே அடி வைத்துத் தூக்கணும். நைலான் சேலை, தொங்குகிற துப்பட்டா ஆகாது. வயிற்றுப்போக்கோ இருமலோ கையில் புண்ணோ இருந்தால் அன்றைக்குச் சமையல் பக்கமே வர வேண்டாம். உணவுக் கடையில் வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் கட்டாயம் என்று நம் நாட்டில் விதி இருக்கு. அன்னதானத்துக்கு அதைவிடக் குறைந்த சுத்தம் போதுமா? சமைத்ததை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கணும் என்று சுகாதார அமைச்சும் சொல்லிக்கொண்டேதான் இருக்கு. மணியைப் பார்த்து "இது நேரம் தாண்டிடுச்சு, யாருக்கும் கொடுக்காதீங்க" என்று சொல்ல ஒரு கண்டிப்பான ஆள் வேணும். வீட்டில் "நீ ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று பேர் வாங்கியவர்கள் தயவுசெய்து இதற்குப் பெயர் கொடுங்க.

பந்தி பரிமாறுதல்: மூணு மணி நேரம் குனிந்து நிமிரணும். இனிப்பு நீர், முட்டி வலி இருக்கிற அக்காமார்கள் "நான் எப்பவும் பரிமாறுறவதான்" என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அக்கா பசியாறாமல் வந்து, நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தது ஞாபகம் இருக்கா? சாப்பிட்டுவிட்டு வாங்க. அம்மன் கோவிச்சுக்க மாட்டா.

பூக்கட்டுதல், இலை துடைத்தல், குங்குமம் விபூதி மடித்தல்: உட்கார்ந்தே செய்யலாம். நாற்காலி போட்டுத் தருகிறோம். இது வயசானவர்களை ஓரம் கட்டுகிற வேலை இல்லை. அம்மன் கழுத்தில் ஏறுகிற மாலை இங்கேயிருந்துதான் போகுது.

கார் பார்க்கிங்: உடம்பு பலத்தைவிட வாய்ப் பொறுமை வேணும். ஹார்ன் அடிப்பார்கள், "நான் யார் தெரியுமா" என்பார்கள். பக்கத்துத் தாமானில் இருக்கிற மலாய்க்காரர், சீனர் வீட்டு வாசலை யாராவது மறித்தால் சிரித்த முகத்தோடு போய் மன்னிப்புக் கேட்கணும். சட்டென்று கோபம் வருகிறவர்கள் இதற்கு வேண்டாம். ஒரு சண்டை போதும், வருஷம் பூரா கோயிலுக்குக் கெட்ட பேர்.

செருப்பு கவுண்டர்: யாரும் கேட்டு வாங்காத வேலை. ஆனால் கோயிலுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பதும் கடைசியில் பார்ப்பதும் உங்கள் முகத்தைத்தான். அதிகம் பேசாதவர்கள், ஒழுங்கு பிடித்தவர்கள், கூட்டத்துக்கு நடுவில் போக விரும்பாதவர்களுக்கு இது பொருத்தம்.

டிக்கெட் கவுண்டர், உண்டியல்: கணக்குத் தெரிந்தவர்கள் வேணும். எப்போதும் இரண்டு பேர், ஒரே குடும்பத்து ஆட்களாக இருக்கக் கூடாது, இருவரும் கையெழுத்துப் போடணும். இதைக் கேட்டு யாரும் வருத்தப்பட வேண்டாம். நாளைக்கு உங்களை ஒருவர் சந்தேகப்படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

பூக்குழி: இந்த வருஷம் உடம்பைப் பார்த்து யாரையும் நிறுத்தப் போவதில்லை. முன்பு நின்று பழகியவர்கள், அவர்களோடு ஒத்திகைக்கு வருகிறவர்கள் மட்டும்தான். ஒத்திகை அன்று சூடு தாங்கவில்லை, மனசு ஒத்துக்கவில்லை என்றால் அங்கேயே சொல்லிட்டு வேற வேலைக்கு மாறலாம். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

வீட்டிலிருந்தே செய்கிற வேலையும் இருக்கு. கைக்குழந்தை வைத்திருக்கிற தங்கச்சிமார்கள் உபயக்காரர்களுக்குப் போன் பண்ணி நாளை ஞாபகப்படுத்தலாம். தமிழில் பிழை இல்லாமல் எழுதுகிறவர்கள் அழைப்பிதழைத் திருத்திக் கொடுக்கலாம். மலாய் மொழி நல்லா வருகிறவர்கள் மாநகராண்மைக் கழகத்துக்கும் போலீசுக்கும் எழுதுகிற கடிதங்களைப் பார்த்துக் கொடுக்கலாம். போலீஸ் அனுமதி இல்லாமல் ரதம் தெருவில் இறங்க முடியாது. அந்தக் கடிதம் எழுதியவரை நாம் என்றைக்காவது மேடையில் ஏற்றி மாலை போட்டிருக்கோமா?

இரவு ஷிப்டு முடித்து நேரா வருகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பக்தியை மதிக்கிறோம். ஆனால் தூக்கம் இல்லாத கண்ணோடு கத்தி, அடுப்பு, லோரி பக்கம் வராதீங்க. நாலு மணி நேரம் படுத்து எழுந்து சாயங்காலம் வாங்க. சாயங்காலத்துக்குத்தான் எங்களுக்கு ஆள் பற்றாக்குறையே.

பள்ளிப் பிள்ளைகள் புறப்பாட நடவடிக்கைக் கடிதத்துக்காக வருகிறார்கள் என்று சிலருக்குக் குறை. கடிதத்துக்காக வந்தாலும் வரட்டுமே. கேவலமாகப் பேசி அனுப்பினால் கடிதத்தோடு போய்விடுவார்கள். பிடித்த வேலையைக் கொடுத்தால் அடுத்த வருஷம் கடிதம் இல்லாமலும் வருவார்கள்.

இப்போது எதிர்க்கருத்துக்கு வருவோம். போன கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். "தொண்டுன்னா சொன்ன இடத்துல நிக்கறது. இது என்ன வேலைக்கு மனு போடறதா? எல்லாரும் புடிச்சதையே எடுத்துக்கிட்டா கக்கூஸ் யாரு கழுவறது?"

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறோம். எல்லாருக்கும் பிடித்ததை மட்டும் கொடுத்தால் கோயில் நடக்காது. மைக் பிடிக்கவும் கருவறைக்குப் பக்கத்தில் நிற்கவும் ஆள் நிறைய வரும். அண்டா கழுவ, குப்பை அள்ள வராது. அதனால் இந்த மூணு வேலையும், கழிப்பறை, குப்பை, அண்டா, யாருக்கும் நிரந்தரமாகக் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாறும். தலைவரிலிருந்து நேற்றுச் சேர்ந்தவர் வரை உடம்பு முடிகிற எல்லார் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கும். அப்பர் சுவாமிகளே உழவாரம் தூக்கிக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கினார். நம் கமிட்டிக்காரர்களுக்கு மட்டும் என்ன?

பிடிக்கவில்லை என்பது வேற, முடியாது என்பது வேற. பிடிக்காத வேலையைச் செய்தால் மனசு பக்குவப்படும். பெரியவர் சொல்வது அதைத்தான், அதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். முடியாத வேலையில் நிறுத்தினால் யாரும் பக்குவப்பட மாட்டார்கள். ஒன்று ஆள் விழும், இல்லை மனசு விழும். போன வருஷம் இரண்டும் விழுந்ததைப் பார்த்தோம்.

அதனால் இந்த வருஷம் படிவத்தில் மூணே கேள்வி. நான் செய்யக்கூடியது என்ன? என்னால் முடியாதது என்ன? எத்தனை மணி நேரம் இருக்க முடியும்? இரண்டாவது கேள்விக்குக் காரணம் எழுத வேண்டாம். நாங்களும் கேட்க மாட்டோம். உடம்பு, பயம், வீட்டுச் சூழ்நிலை, எதுவா இருந்தாலும் அது உங்களோடு. பதிலைக் குழுவில் போடாதீங்க, பொறுப்பாளருக்குத் தனியா அனுப்புங்க. அந்தக் கேள்வியைக் காலியாக விட்டால் போன் பண்ணிக் கேட்போம். "எங்க வேணாலும்" என்று எழுதினால் கண்டிப்பா போன் பண்ணுவோம்.

இன்னொன்று. வேலை செய்யும்போது தடுமாறியவரைப் பற்றிக் குழுவில் கேலி போட்டால், போட்டவர் யாராக இருந்தாலும் குழுவிலிருந்து எடுத்துவிடுவோம். எங்களில் ஒருவராக இருந்தாலும் சரி.

கடைசியாக, அந்தத் தம்பி. போன மாசம் நாங்கள் மூணு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். கேட்காமல் நிறுத்தியது எங்கள் தப்பு, படத்தை உடனே எடுக்காததும் எங்கள் தப்பு என்று அவர் அம்மா முன்னாலேயே சொன்னோம். அந்த அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாங்க. தம்பி அதிகம் பேசவில்லை. "பார்க்கலாம்ணே" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வெள்ளிக்கிழமையாக வருகிறார். செருப்பு கவுண்டரில் நிற்கிறார். டோக்கன் நம்பர் எல்லாம் அழிந்து போய்க் கிடந்ததை யாரும் சொல்லாமல் அவரே புதுசா எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். பார்த்தால் சாதாரணமா ஒரு வணக்கம் சொல்லுங்க, போதும். பழசைக் கிளற வேண்டாம். அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறோம்.

படிவம் கோயில் அலுவலகத்தில் இருக்கு. வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு வாங்கிக்கலாம். நிரப்புவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் உங்கள் உடம்பையும் மனசையும் கேட்டுப் பாருங்க. அதற்கு அப்புறம் உள்ளதை எழுதுங்க.